எம்.ஜி.ஆர் வீசியது எந்த ஊர் வாள்?

போன தைப்பூசத்துக்குக் குன்றக்குடி மலை ஏறியபோது, அக்கா மகன் ஒரு கேள்வி கேட்டான். கோயிலில் மருது சகோதரர்களின் சிலைகளைக் காட்டி, “இவங்கதான் வெள்ளைக்காரனோட சண்டை போட்டவங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் கேட்டுவிட்டான். “எப்படி மாமா சண்டை போட்டாங்க? எம்.ஜி.ஆர், நம்பியார் மாதிரியா?”

பெரிய மருதுவுக்கு முதுகில் ராஜபிளவை வந்து, குன்றக்குடி முருகனின் திருநீறு பூசிக் குணமானதாக எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அந்த நன்றிக்குத்தான் மருதுபாண்டியர் இந்தக் கோயிலுக்குத் திருப்பணி செய்தார்கள் என்பதும் அந்தக் கதையில் சேர்ந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால், அவர்கள் எப்படி வாள் பிடித்தார்கள், காலை எப்படி வைத்தார்கள் என்றால்? தலையைச் சொறிந்துகொண்டு, “ஆமா, கிட்டத்தட்ட அப்படித்தான்” என்று சொல்லிவிட்டேன்.

அது பொய். வீட்டுக்கு வந்ததும் மனசு உறுத்தியது. கொஞ்சம் படித்துப் பார்த்தால், கதை சென்னை ஸ்டூடியோவிலிருந்து ஹாலிவுட்டுக்குப் போய், அங்கிருந்து ஜெர்மனிக்குப் போய், கடைசியில் எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சிறுவயலிலேயே வந்து நின்றது.

கிண்ணம் வைத்த கத்தி

பழைய ராஜா ராணி படம் எதையாவது யூடியூபில் போட்டு, வாள்சண்டையை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பல படங்களில் அலகு ஒல்லியாக, நேராக இருக்கும். கைப்பிடியில் விரல்களை மறைக்கக் கிண்ணம் மாதிரி ஒரு மூடி. ஒரு கையில் வாள். இன்னொரு கை பின்னால் தூக்கியபடி. கேடயம் கிடையாது. மாடிப்படியில் ஏறிக்கொண்டே சண்டை, மேஜைமேல் தாவிச் சண்டை, தொங்கும் விளக்கைப் பிடித்து ஊஞ்சல், நடுவில் நாயகன் முகத்தில் ஒரு சிரிப்பு.

உடையும் வசனமும் நம்முடையவை. சண்டை மட்டும் ஐரோப்பாவினுடையது. அதிலும் ஐரோப்பியச் சரித்திரத்திலிருந்து நேராக வந்ததல்ல, ஐரோப்பியச் சரித்திரத்தை ஹாலிவுட் எப்படிக் காட்டியதோ அதிலிருந்து வந்தது.

அதை ஒளித்துவைக்கவும் இல்லை. பி.யு.சின்னப்பா நடித்த ‘உத்தம புத்திரன்’ (1940), இரும்பு முகமூடி மனிதன் கதை. எம்.கே.ராதாவின் ‘அபூர்வ சகோதரர்கள்’ (1949), அலெக்ஸாண்டர் டூமாஸ் எழுதிய கார்சிகன் சகோதரர்கள். ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958), மாண்டி கிறிஸ்டோ பிரபு. எம்.ஜி.ஆரின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965), எரால் ஃபிளின் நடித்த ‘கேப்டன் பிளட்’ (1935) படத்தின் வழிவந்தது. வைத்தியர் அடிமையாக விற்கப்பட்டுக் கடற்கொள்ளையராக மாறும் அதே கதை. கதை வந்தபோது சண்டையும் கூடவே வந்துவிட்டது.

இவற்றுக்கெல்லாம் தலை, எஸ்.எஸ்.வாசனின் ‘சந்திரலேகா’. 1948-ல் வந்தது. முரசு நடனத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதற்குப்பின் வரும் ரஞ்சன் – எம்.கே.ராதா வாள்சண்டைதான். இந்திய சினிமாவிலேயே நீளமான வாள்சண்டை என்று அதைச் சொல்வார்கள். ரஞ்சன் பரதநாட்டியம் கற்றவர், விமானம் ஓட்டத் தெரிந்தவர். வில்லனாக வந்தும் கண்ணை அவர்மேலிருந்து எடுக்க முடியாது. அவர் வாளோடு முன்னே வருவதைப் பாருங்கள். சண்டைக்காரன் நடையா, நாட்டியக்காரன் நடையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. காரணம் இருக்கிறது. சினிமா வாள்சண்டை என்பதே ஒரு நாட்டியம்தான்.

அடி வாங்குபவர் முதலில் அசைவார்

மேடையிலும் சினிமாவிலும் வாள்சண்டை அமைப்பது ஐரோப்பாவில் தனித்தொழில். ஹாலிவுட்டில் அதை நிலைநிறுத்தியவர்களில் ஒருவர் ஃபிரெட் கேவன்ஸ், பெல்ஜியத்திலிருந்து போன வாள்வித்தை ஆசிரியர். ‘கேப்டன் பிளட்’, ‘ராபின் ஹுட்’ (1938), ‘ஸாரோ’ (1940) எல்லாம் அவர் அமைத்த சண்டைகள். அவற்றில் பெரும்பாலும் தோற்றுச் சாகிறவர் பேஸில் ராத்போன். வேடிக்கை என்னவென்றால், படப்பிடிப்புக்கு வெளியே வாள் பிடிக்கத் தெரிந்தவர் அவர்தான்; ஜெயிக்கும் எரால் ஃபிளின் அந்த வித்தையில் அவருக்குக் கீழே. நம் நம்பியார் சாமிக்கும் இப்படி ஒரு துக்கம் இருந்திருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். எத்தனை படம், எத்தனை வாள், ஒன்றிலாவது ஜெயிக்க விட்டார்களா?

இந்தத் தொழிலின் அடிப்படை விதி ஒன்று, முதலில் கேட்டால் தலைகீழாகத் தோன்றும். நிஜச் சண்டையில், நான் எங்கே வெட்டப்போகிறேன் என்பதை எதிரிக்குக் காட்டக்கூடாது. சினிமாச் சண்டையில் காட்டியே ஆகவேண்டும். முதலில் இருவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொள்வார்கள். ‘தயாரா?’ என்பது அந்தப் பார்வை. அடுத்து, வெட்டுகிறவர் கையைப் பெரிதாக ஓங்குவார். அது எதிராளிக்கும் கடைசி வரிசை டிக்கெட்காரருக்கும் சேர்த்துக் கொடுக்கும் அறிவிப்பு. உடனே அடி வாங்குகிறவர் விலகத் தொடங்குவார். அவர் விலகுவதைப் பார்த்த பிறகுதான் வாள் இறங்கும். அதாவது, அடி வாங்குகிறவர் கையில்தான் கடிவாளம். தலைக்கு வருவதுபோல் தெரியும் வெட்டு, நிஜத்தில் தலைக்குமேல் காற்றுக்குப் போகும். மார்பில் குத்துவதாகத் தெரிவது, விலா எலும்பைத் தாண்டிப் பக்கவாட்டில் போகும். இடைவெளியைக் கேமரா விழுங்கிவிடும்.

ஒவ்வொரு வெட்டுக்கும் தடுப்புக்கும் எண் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று முதலில் மெதுவாகச் சொல்லிச் சொல்லிப் பழகுவார்கள். பிறகு வேகம் கூட்டுவார்கள். நாட்டிய வகுப்பில் அடவும் ஜதியும் பழகுவதுபோலத்தான். ரஞ்சனுக்கு அது எளிதாக வந்ததில் ஆச்சரியமில்லை. போதாததற்கு, அந்தக் காலத்தில் கேமராவைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் படம் பிடிப்பார்கள். திரையில் ஓட்டும்போது வாள் மின்னலாகப் பறக்கும்.

சத்தமும் சும்மா. உறையிலிருந்து வாளை உருவும்போது ‘ஷிங்ங்’ என்று ஒரு ஓசை வரும் இல்லையா? மரத்திலும் தோலிலும் செய்த உறையிலிருந்து வாளை உருவினால் அப்படியெல்லாம் வராது. வாளும் வாளும் ஐம்பது தடவை மோதுவதும் அப்படித்தான். நிஜத்தில் எதிரியின் வாளை வெட்டி யாருக்கு என்ன லாபம்? அலகு பல்லுபல்லாகப் போய்விடும். நிஜ வாள்காரர் பார்ப்பது எதிரியின் கையை, முன்கையை. அதுதான் அவருக்கு மிக அருகில் இருக்கும் இலக்கு. தேர்ந்த இருவர் மோதினால், சில நொடிகளில் ஒருவர் கீழே கிடப்பார். சில நொடிச் சண்டைக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்?

அதனால் சினிமாச் சண்டையைக் குறை சொல்லவில்லை. அட்டைக்கத்தி என்று கேலி செய்வது சுலபம். அந்தக் கத்தியால் யாருக்கும் காயம் படாமல், பார்க்கிறவர் நெஞ்சை மட்டும் பதறவைப்பது பெரிய வித்தை. 1952 ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக வாள்வீச்சில் இறங்கிய பாப் ஆண்டர்சன் என்பவர்தான், பிற்பாடு ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் டார்த் வேடர் முகமூடிக்குள் நின்று ஒளிவாள் சுழற்றினார். வில்லியம் ஹாப்ஸ் என்று இன்னொருவர். ரிட்லி ஸ்காட்டின் முதல் படமான ‘தி டூயலிஸ்ட்ஸ்’ (1977) அவர் அமைத்த சண்டைகளுக்காகவே பார்க்க வேண்டியது. அதில் சண்டை போடுகிறவர்களுக்கு மூச்சு வாங்கும். கை நடுங்கும். வாளைத் தூக்க முடியாமல் தூக்குவார்கள். பயம் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு, சிரித்துக்கொண்டே சண்டை போடும் நாயகனை முன்புபோல் நம்ப முடியவில்லை.

எருது, ஏர், பேதை

ஹாலிவுட் காட்டியது சரி. ஐரோப்பாவில் நிஜமாக எப்படிச் சண்டை போட்டார்கள்? இது எனக்கு எதிர்பாராத திருப்பமாக இருந்தது. அவர்களே அதை மறந்துபோயிருந்தார்கள். துப்பாக்கி வந்தது, கவச வீரர்கள் போனார்கள், பெரிய வாள்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கடைசியில் மிஞ்சியது கனவான்களின் ஒல்லி வாளும், அதைப் பழகுவதற்கான முனை மழுங்கிய கத்தியும். இன்றைய ஒலிம்பிக் விளையாட்டு அந்தக் கிளையிலிருந்து வளர்ந்தது. அதற்கு முந்தைய வித்தையைச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியர்கூட இல்லை.

ஆனால், புத்தகங்கள் இருந்தன. அங்கேதான் அவர்களுடைய அதிர்ஷ்டம்.

கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் வரையப்பட்ட ஓர் ஓவியச் சுவடி. இப்போது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் உள்ள ராயல் ஆர்மரிஸ் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். அதில் வாளும் சின்னக் கேடயமும் பிடித்துப் பாடம் நடத்துகிறவர் யார் தெரியுமா? ஒரு பாதிரியார். தலையில் வட்டமாக மழித்து, அங்கி உடுத்தி, மாணவனுக்குக் கையைக் காலை வைக்கச் சொல்லித் தருகிறார். ஆதீனம் இருக்கும் ஊர்க்காரனான எனக்கு, மடத்துச் சாமி ஒருவர் கத்தி வீசக் கற்றுக்கொடுக்கும் காட்சியை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வந்தது. சுவடியின் கடைசியில் மாணவனுக்குப் பதில் ஒரு பெண் வாள் பிடித்து நிற்கிறாள். பெயர் வால்புர்கிஸ். யார், ஏன் வந்தாள் என்று ஒரு விளக்கமும் இல்லை. வேலு நாச்சியார் சீமையில் பிறந்தவர்களுக்கு அதற்கு விளக்கம் எதற்கு?

அதற்குப் பின் வந்த ஜெர்மானிய ஆசிரியர்களில் பெரியவர் லீக்டனாவர். தன் வித்தையைச் செய்யுளாகப் பாடி வைத்தார். தெரிந்தவனுக்கு மட்டும் புரியும், தெரியாதவனுக்குப் பிதற்றல்போல் இருக்கும். நம் சித்தர்களின் பரிபாஷைதான் எனக்கு நினைவு வந்தது. அவர் சொல்லும் நான்கு நிலைகளின் பெயர்களைத் தமிழில் சொன்னால், நம் வயல்காட்டு ஆட்களுக்கு உடனே பிடிபடும். ஒன்று ‘எருது’: கைகள் தலைக்குப் பக்கத்தில், வாள்முனை கொம்புபோல் எதிரி முகத்தை நோக்கி. இரண்டு ‘ஏர்’: மேழி பிடிப்பதுபோல் கை இடுப்பருகே, முனை மேல்நோக்கி. மூன்று ‘பேதை’: முனையைத் தரையில் தொங்கவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் நிற்பது. உள்ளே வந்தால் மாட்டினாய். நான்காவதில் வாள் தோளுக்கோ தலைக்கோ மேலே, கூரையிலிருந்து இறங்கக் காத்திருப்பதுபோல.

ஹான்ஸ் டால்ஹோஃபர் என்பவரின் 1467-ம் ஆண்டுப் புத்தகத்தில் இன்னொரு சங்கதி. வழக்கைத் தீர்க்க ஆணும் பெண்ணும் மோதுவது எப்படி என்று படம் போட்டிருக்கிறார்! ஆணுக்குப் பலம் அதிகம் என்பதால் அவனை இடுப்பளவு குழிக்குள் இறக்கிக் கையில் தடி கொடுத்துவிடுவார்கள். பெண் வெளியே சுற்றி வரலாம். துணியில் முடிந்த கல் அவளுடைய ஆயுதம். குடும்ப நீதிமன்ற வாசலில் காத்திருப்பவர்கள் இதைப் படித்து யோசனை எதுவும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தூசி படிந்த இந்தச் சுவடிகளை 19-ம் நூற்றாண்டின் கடைசியில் தேடி எடுத்தவர்களில் இருவர் எகர்டன் காசிலும் ஆல்ஃபிரட் ஹட்டனும். ஹட்டன், இந்தியாவில் பணியாற்றிய ராணுவ அதிகாரி. இங்கே இருந்த காலத்தில் தன் படைப்பிரிவில் வாள்வித்தைக்கு ஒரு சங்கமே வைத்து நடத்தியவர். லண்டனுக்குத் திரும்பிய பிறகு, பழைய புத்தகங்களைப் பார்த்து இருவரும் பழகினார்கள். மேடையில் செய்தும் காட்டினார்கள். நாடக நடிகர்களும் ஹட்டனிடம் கற்றுக்கொண்டார்கள். ஆக, வாள்வித்தையை மீட்டெடுத்தவரும் மேடைச் சண்டை சொல்லிக்கொடுத்தவரும் ஒரே ஆள்தான். இரண்டும் அண்ணன் தம்பி.

அவர்களுக்குப் பின் அந்த முயற்சி மறுபடி மங்கி, இணையம் வந்ததும் பற்றிக்கொண்டது. சுவடிகளின் படங்கள் எல்லோர் கணினிக்கும் வந்தன. இன்று உலகின் பல நாடுகளில் ஆணும் பெண்ணும் வார இறுதியில் முகமூடி, தடித்த மேலங்கி அணிந்து, முனை மழுங்கிய நீளவாளோடு லீக்டனாவரின் வரிகளுக்குப் பொருள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வரிக்கு இப்படிக் கையைத் திருப்ப வேண்டுமா, அப்படியா என்று சண்டை போட்டே முடிவு செய்கிறார்கள். அப்படித் தெரிந்துகொண்டதில் ஒன்று: இரு கையால் பிடிக்கும் அந்த நீளவாள் சினிமாவில் காட்டுவதுபோல் தூக்க முடியாத பாரமில்லை. பெரும்பாலும் ஒன்றரை கிலோவை ஒட்டித்தான்.

சிறுவயலில் ஒரு வெள்ளைக்கார மாணவன்

இப்போது நம் ஊருக்கு வருவோம். அவர்களுக்குப் புத்தகம் இருந்தது, வாத்தியார் இல்லை. நமக்கு?

சின்ன மருது வசித்தது சிறுவயல். காரைக்குடி வட்டாரத்திலேயே இருக்கிறது. அங்கே 1795 வாக்கில் ஓர் இளம் ஆங்கிலேய அதிகாரி அவரைச் சந்தித்திருக்கிறார். பெயர் ஜேம்ஸ் வெல்ஷ். பிற்காலத்தில் கர்னல் ஆகி, 1830-ல் தன் ராணுவ நினைவுகளை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அதில் மருது சகோதரர்களைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தால், எதிரி எழுதியது என்று தோன்றாது. காவல்கூட வைக்காமல், வருகிறவர் போகிறவருக்குத் திறந்தே கிடந்த வீடு சின்ன மருதுவுடையது. யாரும் எளிதில் அணுகலாம். ஆனால், அவர் தலையசைத்தால் அது சட்டம். பெரிய மருது வேட்டைப் பிரியர், அசாத்திய பலசாலி. இப்படியெல்லாம் வர்ணித்துவிட்டு ஒரு விஷயம் சொல்கிறார். ஈட்டி எறியவும், வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்கிறார்.

வாத்தியார் சின்ன மருது. மாணவன் கும்பெனி அதிகாரி. ஆறு வருடங்கள் கழித்து, 1801-ல், அதே மாணவன் வாத்தியாரை வேட்டையாடும் படையில் இருந்தார். சின்ன மருது காட்டில் காயத்தோடு பிடிபட்டார். 24 அக்டோபர் 1801 அன்று திருப்பத்தூரில் அண்ணனும் தம்பியும் தூக்கிலிடப்பட்டார்கள். தனக்கு வித்தை சொல்லித் தந்தவர் அப்படி முடிந்ததை வெல்ஷ் வருத்தத்தோடுதான் எழுதுகிறார். வருத்தம் இருந்தது, உத்தரவும் இருந்தது.

எனக்கு இந்த இடத்தில்தான் தொண்டை அடைத்தது. மருதுபாண்டியரின் ஆயுத வித்தையைக் கண்ணால் பார்த்து, கையால் பழகி, எழுதியும் வைத்தவர் என்று நான் கண்டது இந்த ஒருவரைத்தான். அதுவும் சில வரிகள். எத்தனை காலடி, எந்தப் பிடி, மணிக்கட்டு எப்படித் திரும்பும் என்பதெல்லாம் அந்த வரிகளில் இல்லை. சினிமாவுக்கு நல்ல காட்சி இருக்கிறது. சிறுவயலின் திறந்தவெளியில் ஒரு வெள்ளைக்காரப் பையன் வளரியைத் தப்புத் தப்பாக வீச, சின்ன மருது சிரித்தபடி அவன் முழங்கையைத் திருத்துகிறார். இதை யாரும் எடுத்ததாக எனக்கு நினைவில்லை. கண்ணதாசன் தன் சொந்த மண்ணின் கதை என்று ‘சிவகங்கைச் சீமை’யைத் தயாரித்தார். 1959-ல், ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வந்த அதே சமயத்தில் வந்து, அந்தப் புயலில் அடிபட்டுப் போயிற்று.

மருதுபாண்டியர் கதை முடிந்த கையோடு, 1801-ம் ஆண்டு முடிவதற்குள் பாளையக்காரர் நாடுகளில் ஆயுதம் வைத்திருக்கத் தடை வந்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. வாளும் ஈட்டியும் போயின. தஞ்சாவூர் அரண்மனையின் ஆயுதசாலையேகூட 19-ம் நூற்றாண்டில் கலைக்கப்பட்டு, அருமையான வாள்களில் பல பழைய இரும்பாகப் போயின. தப்பியவற்றில் சில சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போனால் பாருங்கள், கைப்பிடி நம் ஊர் வேலைப்பாடு, அலகு ஐரோப்பாவில் அடித்தது என்று கலப்பு வாள்களும் அந்த ஆயுதசாலையில் ஏராளம் இருந்தன. ‘ஃபிரங்கி’ என்று பெயர். பரங்கியர் வாள் என்றுதான் அர்த்தம். ஆக, ஐரோப்பிய வாள் தமிழ்நாட்டுக்கு வந்தது சினிமாவில் அல்ல, அதற்கு முந்நூறு, நானூறு வருடம் முன்பே. ஆனால், வந்த வாளை நம்மவர்கள் நம் கைப்பிடியில் பூட்டி, நம் முறையில் வீசினார்கள்.

அந்த முறைக்கு என்ன பலம் என்பதற்கு ஒரு கதை உண்டு. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய நோலன் என்ற குதிரைப்படை அதிகாரி 1853-ல் எழுதிய புத்தகத்தில் வருவது. ஹைதராபாத் நிஜாமின் குதிரை வீரர்கள் ஒரு சண்டையில் எதிரிகளைக் கண்டதுண்டமாக்கியிருந்தார்கள். இவர்களிடம் அப்படி என்ன விசேஷ வாள் என்று பார்த்தால், ஆங்கிலேயப் படை வேண்டாமென்று கழித்த பழைய வாள்கள்! அலகைக் கூர்தீட்டி, மர உறையில் வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர்களோ அதே அலகை இரும்பு உறையில் போட்டு உருவி உருவி மழுங்கடித்துக்கொண்டிருந்தார்கள். வாள் ஒன்றுதான், வைத்துக்கொள்ளத் தெரிந்தவர் யார் என்பதில் இருந்தது விஷயம்.

கம்பு மட்டும் மிஞ்சியது

தடை வாளுக்குத்தான். மூங்கில் கம்பை யார் தடுக்க முடியும்? மாடு மேய்க்கிறவர் கையில் கம்பு, நடந்து போகிறவர் கையில் கம்பு. சிலம்பம் திருவிழா விளையாட்டாகத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. சாமி புறப்பாட்டுக்கு முன்னால் சுற்றுவார்கள், வேடிக்கை பார்ப்போம், கைதட்டுவோம். அலங்காரமாகச் சுற்றுவது ஒன்று, எதிராளியோடு மோதுவது இன்னொன்று என்று சிலம்பத்திலேயே இரண்டு முகம் உண்டு. பார்க்க அழகாக இருப்பதுதான் கூட்டத்துக்குப் பிடிக்கும்; அதனால் அதுதான் அதிகம் வளர்ந்தது. இன்றைக்குப் பள்ளிப் போட்டிகளில் ‘தொடுமுறை’ என்று மோதும் பிரிவும் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது.

எம்.ஜி.ஆரும் திரையில் கம்பெடுத்தவர்தான். ‘பெரிய இடத்துப் பெண்’ (1963) படத்தின் சிலம்பச் சண்டையையும் அவருடைய ஏதாவது ஒரு வாள்சண்டையையும் அடுத்தடுத்துப் பாருங்கள். கம்பு பிடிக்கும்போது முழங்கால் மடங்குகிறது, உடம்பு தாழ்கிறது, கால் தரையைத் தேய்த்து நகர்கிறது. வாள் பிடித்ததும் நிமிர்ந்துகொள்கிறார். ஒரே மனிதர், இரண்டு ஊர் உடம்பு. ராஜா படத்தில் அந்தக் கம்புக்காரரின் காலைக் கொண்டுவந்திருந்தால் என்று எனக்கு ஓர் ஆசை. மருது சகோதரர்களின் சண்டை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க, அந்தத் தாழ்ந்த கால்தான் கிட்டத்தட்ட சரியான தடயம் என்று நினைக்கிறேன். என் ஊகம்தான், சிலம்ப வாத்தியார்கள் மறுத்தால் கேட்டுக்கொள்வேன்.

இந்தக் கதையில் ஒரு பெண்ணைச் சொல்லாமல் விட முடியாது. சென்னையைச் சேர்ந்த சி.ஏ.பவானி தேவி. ஒலிம்பிக் வாள்வீச்சில் இந்தியாவிலிருந்து இறங்கிய முதல் ஆள். 2004-ல் பள்ளியில் சேர்ந்து பழகத் தொடங்கியபோது, மின்கம்பி வைத்த போட்டி வாள்கள் விலை அதிகம் என்பதால், பயிற்சிக்கு அவர்கள் கையில் இருந்தது மூங்கில் குச்சி! 2021-ல் டோக்கியோவில் முதல் ஆட்டத்தில் துனிசியா வீராங்கனையை 15-3 என்று வென்றார். அடுத்ததில் பிரான்சின் மனோன் புருனேயிடம் 7-15 என்று தோற்றார். 2023 ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கினார்.

அவருடைய ஆயுதம் சேபர். ஒலிம்பிக்கில் உள்ள மூன்று வகை வாள்களில் மற்ற இரண்டும் குத்துவதற்கு மட்டும். சேபரில்தான் வீசி வெட்டலாம். நாம் மூன்றையும் சேர்த்து ‘வாள்வீச்சு’ என்று சொல்கிறோம். கறாராகப் பார்த்தால் அந்தச் சொல் பவானி தேவியின் வாளுக்குத்தான் பொருந்தும். அந்தச் சேபரும் ஐரோப்பாவின் சுத்தமான சொந்தச் சரக்கல்ல. கிழக்கிலிருந்து வந்த வளைந்த வாளை ஹங்கேரியக் குதிரை வீரர்கள் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவியது.

நமக்கு இன்னும் வாத்தியார்கள் இருக்கிறார்கள். காலடி வரிசையும் வீச்சு வரிசையும் அவர்கள் உடம்பில் இருக்கின்றன. பல ஊர்களில் அவர்களுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நம் கையில் கேமரா வைத்த போன் இருக்கிறது. சுற்றுகிற அழகை மட்டும் முப்பது நொடி ரீல்ஸாக எடுக்கிறோம். காலை மட்டும் பத்து நிமிடம் எடுங்கள். எண்ணிக்கையை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் அவருடைய ஊரில் என்ன பெயர் என்று கேளுங்கள். பெயர் ஊருக்கு ஊர் மாறும். அதையும் சேர்த்தே பதியுங்கள்.

அக்கா மகனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததே. அடுத்த தடவை அவன் வந்தபோது வெல்ஷ் கதையைச் சொன்னேன். முழுசும் கேட்டான். “அப்ப அந்த வெள்ளைக்காரன், சாரைக் காப்பாத்தவே இல்லையா?” என்றான். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு தோப்புக்குப் போய்ப் பச்சைத் தென்னை மட்டை இரண்டை வெட்டிக்கொண்டு வந்து, ஒன்றை என்னிடம் நீட்டினான். நான் ‘பேதை’ நிலையில் நின்றேன். அவனுக்கு அந்த வித்தை தெரியாது என்று நினைத்தேன். முட்டிக்குக் கீழே ஒரே போடு. மூன்று நாளாக நொண்டிக்கொண்டிருக்கிறேன்.